தொட்டிக்குள்ளே வெயில் இல்லை, வெக்கை உண்டு

சைட் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்
(கட்டுமான வேலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் தருகிறார்.)

போன இதழில் கத்திரி வெயிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலே படாத இடங்களைப் பற்றியவை. சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), லிஃப்ட் குழி, பேஸ்மென்ட், மொட்டை மாடித் தொட்டி, தகர ஷெட் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.

மாங்காடு பக்கம் ஒரு வீட்டு வேலை சார். தரையடி சம்ப்புக்குள் உள்பூச்சு. பையனுக்கு இருபத்திரண்டு வயசு, கெட்ட பழக்கம் கிடையாது. பதினோரு மணிக்கு உள்ளேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டான். மொட்டை மாடியில் வெயிலில் செங்கல் தூக்கினவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். வெயிலே படாதவனுக்கு எப்படி சார்?
— கொத்து மேஸ்திரி, பூந்தமல்லி

மேஸ்திரி, மாடியில் காற்று அடித்தது, சம்ப்பில் அடிக்கவில்லை. பாதிப் பதில் அதிலேயே முடிந்துவிட்டது. மீதியைச் சொல்கிறேன்.

வேலை செய்கிற உடம்பு, சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பைப்போல மூன்று நான்கு மடங்கு சூட்டை உண்டாக்கும். அதை வெளியே தள்ள நமக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்வை சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முழங்கை வழியே தரையில் சொட்டினால் அநேகமாக ஒன்றையும் எடுத்துப் போகாது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது வெளிப்பக்கம் கசிந்து ஆவியாவதால். அந்தப் பானையைப் பாலிதீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? உங்கள் பையன் அன்றைக்கு அந்தப் பைக்குள்தான் இருந்தான்.

சம்ப்புக்குள் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பச்சைப் பூச்சு ஈரத்தை விடுகிறது, நனைத்த சுவர் விடுகிறது, அவன் மூச்சும் வியர்வையும் விடுகின்றன. போதாததற்கு சிமென்ட் இறுகும்போது தானே சூடாகும். இதோடு வெளிச்சத்துக்கு என்று 500 வாட் ஹாலஜன் லைட் ஒன்றை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். இருந்ததா இல்லையா? அந்த லைட்டின் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அந்தக் குழிக்குள் தங்கும்.

வேலையில் இருந்தபோது என் பையில் இரண்டு தெர்மாமீட்டர் இருக்கும். ஒன்று சாதாரணமாக. இன்னொன்றின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றி விசிறிப் பார்ப்பேன். ஆவியாதல் எவ்வளவு நடக்க முடியும் என்பதை இந்த ஈரக்குமிழ் காட்டிவிடும். ஒருமுறை சம்ப் வாயில் நின்று பார்த்தபோது வெளியே 36 டிகிரி, ஈரக்குமிழ் 27. உள்ளே இறங்கிப் பார்த்தால் 34 டிகிரிதான். கூட வந்த இன்ஜினியர், “உள்ளே கூலா இருக்கே சார்” என்றார். ஈரக்குமிழைக் காட்டினேன்: 32. பல மாநிலத் தொழிற்சாலை விதிகளில் வேலையறையின் ஈரக்குமிழ் அளவு 30-ஐத் தாண்டக் கூடாது என்றும், காற்றோட்டம் இருக்க வேண்டும் என்றும் உண்டு. அந்தக் கணக்குப்படி அந்த ‘கூலான’ இடம் ஆளை இறக்கவே கூடாத இடம். உலகம் முழுக்க வேலையிடச் சூட்டை அளக்கப் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவில், வெயில் படாத இடத்துக்குப் பத்தில் ஏழு பங்கு இந்த ஈரக்குமிழுக்குத்தான். மீதி மூன்று பங்கு, சுற்றியுள்ள சுவரும் விளக்கும் கக்குகிற சூட்டை அளக்கும் கருப்புக் குண்டுத் தெர்மாமீட்டருக்கு. செல்போனில் பார்க்கிற ‘இன்றைக்கு 36 டிகிரி’ சம்ப்புக்குள் செல்லாது.

என்ன செய்யலாம்? சம்ப் பூச்சை விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். மீதி நாள் வெளிப்பூச்சு பாருங்கள். ஹாலஜனைத் தூக்கிவிட்டு எல்.இ.டி. மாட்டுங்கள். ஈரக்கையோடு 230 வோல்ட் கையில் இருப்பதும் ஆபத்து என்பதால் 24 வோல்ட் கைவிளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு புளோவர் வாடகைக்கு எடுத்து, குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்கள். வாயருகே ஒரு டேபிள் ஃபேனை வைத்தால் அந்தக் காற்று அடிவரை போய்ச் சேராது. அந்த புளோவர் பக்கத்தில் ஜெனரேட்டரை வைத்துவிடாதீர்கள், புகையை நீங்களே உள்ளே அனுப்புவீர்கள். இரண்டு கொத்தனார் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வாயில். வாயில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டிப் பேச்சு என்று திட்டாதீர்கள், பதில் குளறினால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மயங்கினவனைத் தூக்க இன்னொருவன் உள்ளே குதிக்கலாமா சார்? நாங்கள் அப்படித்தான் செய்தோம்.
— அதே மேஸ்திரி

கூடவே கூடாது. நல்லவேளை, உங்கள் பையனுக்கு வந்தது வெறும் சூடு.

மூடிக் கிடந்த தொட்டியில் மயக்கம் என்றால் சூடா, காற்றுக் கேடா என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாகக் கட்டிய தொட்டியில் சென்டரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்க இறங்கிச் செத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கழிவுநீர் ஒரு சொட்டுகூட அதில் விழுந்திருக்காது. நனைந்த பலகையும் முட்டுக் கட்டையும் மூடிய இடத்தில் மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாட்டர்ப்ரூஃப் பிரைமர், எபாக்சி, தின்னர் ஆவி என்றால் அது வேறு ரகம். முதலாமவரைத் தூக்கப் போன இரண்டாமவர், அவரைத் தூக்கப் போன மூன்றாமவர் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. இறங்குவதற்கு முன்பே இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுநுனியை மேலே கொடுத்துவிட்டு இறங்கினால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. கயிறு இல்லையென்றால் தீயணைப்புத் துறைக்கு 101. அவர்கள் வரும்வரை புளோவர் ஓடட்டும்.

நான் புதிதாகச் சேர்ந்த சைட் இன்ஜினியர். ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமா சார்?
— சிறுசேரி

தம்பி, வியர்வைக்காகக் காத்திருந்தால் ஆளை இழந்துவிடுவீர்கள். வேலை செய்யும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு நனைந்தபடியே இருக்கலாம். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்கு வருவதில்தான் தோல் காய்ந்திருப்பதை அதிகம் பார்க்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது புத்தியை. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளை.

ஒரு அடுக்குமாடி வேலையில் லிஃப்ட் குழி. நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே பலகை. உள்ளே கம்பி கட்டுகிறவர்கள் மூன்று பேர். நான் எட்டிப் பார்த்தபோது ஒருவர் மட்டும் சுவரோரம் குந்தி கொக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கை சரியாகத்தான் சுழன்றது. ஆனால் அந்த இடத்தில் கம்பியே இல்லை. கட்டுக்கம்பித் துண்டுகள் காலடியில் குவியலாகக் கிடந்தன. “என்னப்பா, எந்த ஊரு நீ?” என்று கேட்டேன். “வர்றேன் வர்றேன்” என்றார். மறுபடி கேட்டதற்கும் அதே பதில். ஃபோர்மேன், “காலையிலேயே ஊத்திட்டு வந்திருப்பான் சார், ஒரு ஓரமா படுக்க விட்டா சரியாயிடும்” என்றார். சைட்டில் ஒருவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் முதலில் சந்தேகிப்பது குடியைத்தான். படுக்க விடுவதுதான் சாவு. பேச்சுக் குளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் எல்லாம் குடியிலும் வரும், இதிலும் வரும். குடித்திருக்கிறானா என்று மோந்து பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். குடித்தவனுக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வரும், இன்னும் சுலபமாகவே வரும்.

அவரை மேலே ஏற்றி நிழலில் தார்ப்பாய் விரித்துக் கிடத்தினோம். 108-க்கு ஒருவர் போன் செய்ய, நாலு பேர் தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆக்கினார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, குடிதண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். எதிரே ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருந்தார். மாடி சின்டெக்ஸ் தண்ணீரை வைத்துச் செய்யலாம் என்று ஒருவர் டியூப்பைப் பிடித்து இழுத்து வந்தார், அது டீ போடுகிற சூட்டில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது அவர் கண்ணைத் திறந்து செருப்பு எங்கே என்று கேட்டார்.

முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது. மருத்துவர்களின் இன்றைய வழிகாட்டுதலும் இதுதான். சூடு 40-க்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் மூளையும் கெடுவது. முதல் அரை மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியின் கையில் இல்லை. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு நெரிசலில் போவதற்குள் அது தீர்ந்துவிடும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைப்பது சும்மா இருப்பதற்கு மேல். ஆனால் உடம்பு முழுவதையும் குளிர்ந்த தண்ணீரில் வைப்பதற்கு அது ஈடாகாது. தண்ணீர் குறைவாக இருந்தால் உடம்பெல்லாம் நனைத்து, அட்டையோ ஃபேனோ வைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, எலுமிச்சை எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் வேறு, இது வேறு. அந்த மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது, கல்லீரலுக்குத்தான் கூடுதல் சுமை.

கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, குமட்டல், சோர்வு, ஆனால் புத்தி தெளிவு என்றால் அது அதற்கு முந்தைய கட்டம். வேலையை நிறுத்தி, காற்றுப் படும் இடத்தில் உட்கார வைத்து, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் தேறுவார். அன்றைக்கு மறுபடி குழிக்குள் இறக்காதீர்கள். மறுநாள் சிறுநீர் பால் இல்லாத டீயின் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி.

பழைய ஆட்கள் தாங்குகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பசங்கதான் விழுகிறார்கள். அங்கேயும் வெயில்தானே? சோம்பலா, நடிப்பா?
— லேபர் கான்ட்ராக்டர், ஒரகடம்

அங்கேயும் வெயில்தான். ஆனால் அந்தப் பையன் ஊரில் எத்தனை நாள் வீட்டில் சும்மா இருந்தான், ரயிலில் எத்தனை நாள் நின்றுகொண்டு வந்தான், வழியில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டீர்களா? சென்ட்ரலில் இறங்கின மறுநாள் காலை பேஸ்மென்ட்டில் இறக்கிவிட்டிருப்பீர்கள்.

சூட்டுக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்புக்குச் சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தால் இந்தப் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். அதனால் உங்கள் பழைய ஆளும் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தால் பாதி புது ஆள்தான். வெளிப்புற வேலைகளில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் 50 முதல் 70 சதவீதம், சூட்டில் வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்கிறது. அந்த நாட்டு ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் வழி: புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான சூட்டு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவது. அனுபவம் உள்ளவர் லீவு முடிந்து வந்தால் முதல் நாள் பாதி, பிறகு 60, 80, நாலாவது நாள் முழுசு.

இதைச் சொன்னால் உடனே நீங்கள் கூலிக் கணக்குக்கு வருவீர்கள், தெரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டி வந்த பையன், பாதி வேலை பார்த்தால் பாதிக் கூலி. அதனால் அவனே “முடியும் சார்” என்று இறங்குவான். அவன் இறங்குவதை நடிப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். விழுவது நடிப்பில்லை. முதல் வாரத்துக்கு மட்டும் நாள்கூலி பேசுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒன்றைச் செய்த கான்ட்ராக்டர்களிடம் ஆட்கள் பருவம் முழுக்கத் தங்கினார்கள்.

இன்னொன்று, எச்சரிக்கைப் பேச்சை ஒடியாவோ இந்தியோ தெரிந்த அவர்கள் ஆள் ஒருவரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் தமிழில் கத்துவதற்கு அவர்கள் தலையாட்டுவது புரிந்ததால் அல்ல.

நான் ஷார்ஜாவில் டக்ட் வேலை பார்க்கிறேன். மதியம் வெயில் வேலைக்குத் தடை என்று மேலே எல்லோருக்கும் ஓய்வு. எங்களை மட்டும் அந்த நேரத்தில் பேஸ்மென்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். வெயில் இல்லையே என்கிறார்கள். சட்டப்படி சரியா அண்ணா?
— ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்

உங்கள் கம்பெனி தடை உத்தரவை வரிக்கு வரி படித்திருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை என்பது நேரடி வெயிலிலும் திறந்தவெளியிலும் செய்யும் வேலைக்கான தடை. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம், அதிகபட்சம் 50,000 வரை அபராதம் உண்டு. பேஸ்மென்ட் திறந்தவெளி இல்லை. அதனால் அந்த ஒரு தடையை மட்டும் காட்டி அவர்களைப் பிடிக்க முடியாது. வளைகுடாவில் நான் இருந்த காலத்திலும் இந்த ஓட்டையைப் பார்த்திருக்கிறேன். மேலே சைரன் ஊதி வேலை நிற்கும், கீழே மின்விசிறிகூட இல்லாத பிளான்ட் ரூமில் வெல்டிங் நடக்கும்.

கத்தார் 2021-ல் கொண்டுவந்த விதி இதில் ஒரு படி மேல். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10-லிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை இல்லை என்பதோடு, டபிள்யூ.பி.ஜி.டி. 32.1-ஐத் தாண்டினால் மணி எத்தனையானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. கடிகாரத்தை நம்பாமல் கருவியை நம்புகிற விதி. எல்லா நாடும் இதற்குத்தான் வர வேண்டும், நம் நாடும் சேர்த்து.

நீங்கள் கேட்க வேண்டியது மணிக் கணக்கை அல்ல. “எங்கள் பேஸ்மென்ட்டில் அளந்தீர்களா, எக்ஸாஸ்ட் எப்போது ஓடும்?” என்று சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள், முடிந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து எழுத்தில். ஐஸ் தண்ணீரும் உப்புக் கரைசல் பாக்கெட்டும் கீழே வரைக்கும் வரவேண்டும், மேல்தள ரெஸ்ட் ஷெல்டரில் இருந்தால் போதாது. அங்கே சரிவரவில்லை என்றால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். ஊரில் வீட்டுக்காரர்கள் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் சொல்லி வைக்கலாம்.

எத்தனை லிட்டர் குடிக்கணும் சார்? நான் சித்தாள். எங்க சைட்டில் பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருக்கிறோம்.
— குரோம்பேட்டை (தம்பி மகள் எழுதித் தந்த கடிதம்)

அம்மா, உங்கள் கடிதத்தை மற்றக் கடிதங்களுக்கு மேலே வைத்தேன். தண்ணீர் குடியுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிற யாரும் உங்கள் சைட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்பதில்லை.

அளவு என்று கேட்டால், சூட்டில் வேலை செய்யும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகவும் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. வியர்வை கொட்டினால் நடுநடுவே உப்புப் போட்ட மோர், நீராகாரம், கூழ். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் வீட்டுக் கரைசல் தயார். உப்பு கூடிவிடக் கூடாது. ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும்.

கழிப்பறை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் வந்த மத்தியச் சட்டமே குடிதண்ணீரும் கழிப்பறையும் தரச் சொன்னது. தண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, அங்கே ‘குடிநீர்’ என்று ஆட்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. மேஸ்திரியிடம் கேட்டால் இன்ஜினியரைக் காட்டுவார், இன்ஜினியர் ஓனரைக் காட்டுவார். நேரே ஓனர் வீட்டு அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பல சைட்டில் வேலை நடந்தது அப்படித்தான்.

உங்களோடு வேலை பார்ப்பவர்களில் யாராவது முழுகாமல் இருந்தால் மூடிய அறைப் பூச்சு, பேஸ்மென்ட் கலவை தூக்குவது இரண்டிலிருந்தும் அவரை விலக்கிவையுங்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சூட்டில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலைவது, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்து இரண்டு மடங்கு என்று 2024-ல் வெளியிட்டார்கள். உங்கள் அண்ணன் முறையில் சொல்கிறேன், இதில் மட்டும் கூலியைப் பார்க்காதீர்கள்.

ராத்திரி தகர ஷெட்டில் தூக்கமே வருவதில்லை. விடிந்ததும் தலை கனக்கிறது. அதற்கும் வேலையில் மயங்குவதற்கும் சம்பந்தம் உண்டா?
— கம்பி கட்டுபவர், வல்லம்

நிறைய. பகலில் ஏறின சூட்டை உடம்பு இறக்கிக்கொள்வது ராத்திரியில். அதுவும் கிடைக்காவிட்டால் மறுநாள் காலை ஏற்கெனவே பாதி களைத்த உடம்போடுதான் குழிக்குள் இறங்குகிறீர்கள். கூரைத் தகரத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது கீற்றைப் போட்டுக் கயிற்றால் கட்டுங்கள். எதிரெதிர்ச் சுவரில் தகரத்தை ஒரு முழம் வெட்டி வலை அடித்தால் காற்று ஊடாடும். உள்ளேயே சமைக்காதீர்கள். படுக்கும் முன் குளியுங்கள், துண்டை நனைத்து மேலே போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் படுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு நாள் ஆள்கூலியும். உங்கள் கான்ட்ராக்டர் இந்தப் பத்திரிகை படிப்பவராக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வையுங்கள்.

துக்கடாக் கேள்விகள்

பீர் குடித்தால் சூடு தணியுமா? (மேடவாக்கம்) — தணியாது. சிறுநீராக உள்ளே இருப்பதையும் வெளியே கொண்டுபோகும்.

சட்டைப்பையில் வெங்காயம்? (அரக்கோணம்) — சாம்பாருக்கு ஆகும்.

உப்பு மாத்திரை? (எண்ணூர்) — வேண்டாம், வயிற்றைப் புரட்டும். மோர் போதும்.

சளி மாத்திரை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் தொட்டிக்குள் இறங்கலாமா? (ஆவடி) — நல்ல கேள்வி. சில சளி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், நீர் பிரிக்கும் பி.பி. மாத்திரைகள் உடம்பு நீரை இறக்கும், வேறு சில இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி ‘சூட்டில் வேலை’ என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை வெளிவேலை.

என் மைத்துனர் சென்ற மே மாதம் மூடிய குடோனுக்குள் தரை போடும் வேலையில் இறந்துபோனார். ‘நெஞ்சுவலி’ என்று எழுதிவிட்டார்கள். சூட்டில் இறந்தால் அரசு பணம் தருவதாகச் சொல்கிறார்களே?
— திருவள்ளூர் மாவட்டம்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் சாவு வெப்பத்தால் என்பது தாளில் இருக்க வேண்டும். உங்களுக்கு அங்கேதான் சிக்கல். குடோனுக்குள் நடந்தது என்பதால் “வெயிலே படவில்லையே” என்பார்கள். அன்றைக்கு உள்ளே எவ்வளவு பேர் இருந்தார்கள், ஃபேன் ஓடியதா, ஷட்டர் மூடியிருந்ததா, விழுவதற்கு முன் குளறிப் பேசினாரா என்று கூட வேலை பார்த்தவர்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள், ஆள் ஊர் மாறிப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக் குறிப்பில் சேர்க்கும்போது எடுத்த உடல் வெப்பநிலை இருக்கிறதா என்று பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் வாங்குங்கள். இவற்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இது தவிர, வேலையால் நேர்ந்த சாவுக்கு முதலாளி ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பது இந்த நாட்டில் 1923 முதல் உள்ள சட்டம். நெஞ்சுவலியே என்றாலும் அது வேலையின் சூட்டாலும் சுமையாலும் வந்தது என்று வாதிட இடமுண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேளுங்கள். மைத்துனர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருந்தாரா என்று வீட்டில் தேடுங்கள். இருந்தால் அந்த உதவி தனி. அட்டை புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எந்தத் தாளையும் அசலாகக் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.